மஸ்காராவை எங்கே வெச்சே?

— கையை எடு. அம்மா, எடுன்னா எடு. கண்ணுல கை வைக்கக் கூடாதுன்னு டாக்டர் காலையிலதானே சொல்லி அனுப்பினார்?

— உறுத்துது புள்ள. மணலை அள்ளிக் கொட்டின மாதிரி இருக்கு.

— உறுத்தட்டும். அந்தக் கறுப்புக் கண்ணாடியைக் கழட்டாம சும்மா உக்காரு. இப்ப சொல்லு, அந்த மஸ்காராவை எங்கே வெச்சே?

— எந்த மஸ்காரா?

— அம்மா!

— சரி சரி, கத்தாதே. எங்கயோ வெச்சேன். ஞாபகம் வரல. வயசாகுதில்ல.

— நான் ஹாங்காங்குக்கு வீட்டு வேலைக்குப் போன வருஷம் அனுப்பின சாக்லேட்டை யார் யாருக்குக் குடுத்தேன்னு இன்னிக்கும் ஒப்பிக்கிறே. போன சனிக்கிழமை கண்ணுல போட்ட மை எங்கேன்னு ஞாபகம் வரலியா?

— சாக்லேட்டு வாங்கினவங்க யாரும் வாயைத் திறந்து ஒரு நன்றி சொல்லல. அதான் மறக்கல.

— பேச்சை மாத்தாதே. ஏர்போர்ட்டுக்கு வர்றதுக்கு முன்னாடி எந்தக் கண்ணாடி முன்னால நின்னு போட்டே?

— குளியலறைக் கண்ணாடி.

— அங்க பாத்தாச்சு. அப்புறம்?

— அப்புறம் எல்லாரும் வண்டியில ஏறிட்டாங்க. உன் சித்தி ஹாரனை அமுக்கிக்கிட்டே இருந்தா. அவசரத்துல எங்க வெச்சேன்னு யாருக்குத் தெரியும்? ஒருவேளை வண்டியிலயே விழுந்திருக்கும்.

— வண்டிக்காரர்கிட்டயும் கேட்டாச்சு. சீட்டைத் தூக்கிப் பாத்துட்டார். ஒரு வாழைப்பழத் தோல்தான் கிடைச்சுதாம்.

— அது உன் சித்தி தின்னது.

— ரெமி அக்கா! ஜோவி தங்கமே! வரலாமா? கதவு தொறந்துதானே இருக்கு, வந்துட்டேன்.

— வா கிகி. பார்லரை யார் பாத்துக்கறா?

— ஒரு கிழவிக்குச் சுருட்டை மருந்து தடவி உக்கார வெச்சிருக்கேன். இன்னும் அரை மணி நேரம் அவ எந்திரிச்சு எங்கயும் போக முடியாது. மாதாவே, இதென்னக்கா கறுப்புக் கண்ணாடி? சினிமாக்காரி தோத்தா போங்க!

— சிரிக்க வைக்காதே கிகி. சிரிச்சா வலிக்குது.

— ஜோவி, நீ சொல்லு தங்கமே. டாக்டர் என்னதான் சொன்னார்? தெருவுல ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. கண்ணையே எடுத்துட்டாங்கன்னு ஒருத்தி சொல்றா.

— அவ வாயில புண்ணு வர! கருவிழியில ஒரு வெள்ளைப் புள்ளி கிகிக்கா. திங்கக்கிழமை போனப்போ கடுகு மாதிரி இருந்துச்சு. மணிக்கு ஒரு தடவை சொட்டு மருந்து விட்டேன், இன்னிக்கு இன்னும் பெருசாயிருக்கு. மருந்து கேக்கல. எந்தக் கிருமின்னு தெரிஞ்சாத்தான் சரியான மருந்தா மாத்த முடியுமாம்.

— கண்ணுலேர்ந்து வழிச்சு எடுத்துப் பாக்க மாட்டாங்களா?

— பாத்தாங்க. ஒண்ணும் பிடிபடல. அவங்க போட்ட மஸ்காராவையே கொண்டு வாங்க, கிருமி அதுல குடியிருக்கும்னார். சாயங்காலம் லேப் மூடறதுக்குள்ள குடுக்கணும். தம்பி வண்டியை வெச்சுக்கிட்டு வாசல்ல நிக்கிறான். நானும் ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்ததும் வீட்டையே கவுத்துத் தேடிட்டிருக்கேன்.

— கிடைக்கலேன்னா?

— அந்தக் கண்ணுல பார்வை தங்குமான்னு சொல்ல முடியாதுன்னுட்டார்.

— ஐயோ மாதாவே.

— ரெண்டு பேரும் என் தலைமாட்டுல நின்னு ஒப்பாரி வைக்காதீங்க. நான் இன்னும் சாகல.

— நீ தலையைப் பின்னால சாய். மருந்து விடற நேரம். கண்ணாடியைக் கழட்டு... அசையாதே... ஆச்சு. மூடிக்கோ. வலிக்குதா?

— உன் கை குளிர்ச்சியா இருக்கு. நல்லா இருக்கு. கொஞ்ச நேரம் நெத்தியில வை.

— வெச்சிருக்கேன். இப்பவாவது சொல்லும்மா.

— தெரியல புள்ள.

— கிகிக்கா, நீங்களாவது எனக்கு ஒத்தாசை பண்ணுங்க. இந்த அலமாரியில உள்ள ஒவ்வொண்ணையும் எடுத்துப் பாத்துட்டு இந்தச் சாக்குல போடுங்க. மஸ்காரா உள்ள எங்கயாவது உருண்டு போயிருக்கும். இல்லேன்னாலும் இதுல ஒண்ணு கூட இனிமே இந்த வீட்டுல இருக்கக் கூடாது.

— எல்லாத்தையுமா? ஜோவி, வேணாம் புள்ள. குழந்தை யேசு சொரூபத்தைச் சுத்தி அடுக்கி வெச்சிருக்கேன், பாரு எவ்வளவு லட்சணமா இருக்கு.

— அவருக்கு லிப்ஸ்டிக் வேணாம்மா.

— மாதாவே, இந்த அலமாரி திறந்து நான் பாக்கறது இதான் முதல் தடவை! ஜோவி, உனக்குத் தெரியாது. சாவியை உங்கம்மா கழுத்துலயே மாட்டிக்கிட்டுத் திரிவாங்க. ஒரே ஒரு லிப்ஸ்டிக் குடுங்கக்கா, மணப்பொண்ணுக்குப் போட்டுட்டு உடனே திருப்பித் தர்றேன்னு கெஞ்சியிருக்கேன். நான் என்னமோ அவங்க சிறுநீரகத்தைக் கேட்ட மாதிரி பாத்தாங்க. கடல் கடந்து உன் பெட்டி வர ஆரம்பிச்சதும் ரெமி கஞ்சப் பிசினாறி ஆயிட்டான்னு தெருவே பேசுது.

— பேசட்டும். சோப்பு குடுத்தேன், சாக்லேட்டு குடுத்தேன், துண்டு குடுத்தேன். அதெல்லாம் கணக்குல வராதா?

— வரும்க்கா, வரும். ஆனா சோப்பைக் குடுத்துட்டு லிப்ஸ்டிக்கைப் பூட்டி வெச்சா வயிறு எரியாதா? உஃப்! ஜோவி, இதை மோந்து பாரு. பழைய தேங்கா எண்ணெய் நாத்தம்!

— இந்த க்ரீமைப் பாருங்க. மேல எண்ணெய் தனியா மிதக்குது, கீழ தண்ணி தனியா கிடக்கு. இது எப்போ அனுப்பினதும்மா?

— அது நீ போன ரெண்டாவது கிறிஸ்துமஸ். உன் தம்பிக்குக் காய்ச்சல் வந்து நீ போன்லயே அழுதியே, அந்த வருஷம். தூக்கிப் போடாதே, மூடியாவது வெச்சுக்கறேன்.

— மூடியும் வேணாம். பவுடர் பஞ்சுல பூஞ்சை பூத்திருக்கு. அம்மா, இதையெல்லாம் மூஞ்சியில வெச்சா என்ன ஆகும்னு உனக்குத் தெரியுமா?

— தெரியாமலா? அதான் இத்தனை நாளா நான் வெக்கலியே.

— தங்கமே, நான் சொல்றேன் கேளு. மஸ்காரா இருக்கே, தொறந்தா மூணு மாசம். அதுக்கு மேல வெச்சா அது மை இல்ல, கிருமிக் குட்டை. கண்ணுல பட்ட குச்சியைத் திரும்ப உள்ள விடறோம், வெளிய எடுக்கறோம், திரும்ப உள்ள விடறோம். இருட்டு, ஈரம், சூடு. கிருமிக்கு வேற என்ன வேணும்? லிப்ஸ்டிக்கு ஒரு வருஷம் தாங்கும். நாத்தம் வந்தா அதுக்கு முன்னாடியே குப்பை. ஒருத்தர் போட்டதை இன்னொருத்தர் போடவே கூடாது.

— இவ்வளவு தெரிஞ்சிருக்கே, உங்க பார்லர்ல எப்படி?

— என் பார்லர்ல... அது வேற கதை தங்கமே.

— சொல்லுங்க, சொல்லுங்க.

— போன மே மாச மாதா ஊர்வலத்துல ராணி வேஷம் போட்ட அத்தனை பொண்ணுங்களுக்கும் ஒரே குச்சியாலதான் கண்ணு எழுதினேன். பல்லக்கு கோயிலைச் சுத்தி வர்றதுக்குள்ள ரெண்டு ராணிக்குக் கண்ணு வீங்கிப் போச்சு. வெயில் ஒத்துக்கலைன்னு சொல்லிச் சமாளிச்சேன். பாதிரியார் வெயில் குறையணும்னு ஜெபம் வேற பண்ணிட்டார்.

— ஹா... ஐயோ, சிரிக்க வைக்காதேன்னேனே கிகி!

— அதுக்கப்புறம் திருந்திட்டேன் அக்கா. மாதா சத்தியமா ஆளுக்கு ஒரு குச்சி. அது இருக்கட்டும், அந்த மஸ்காரா காஞ்சு போயிருக்குமே. எப்படிப் போட்டீங்க?

— கட்டியாத்தான் இருந்துச்சு. ரெண்டு சொட்டு வெந்நீர் விட்டு, குச்சியை மேலயும் கீழயும் குத்திக் கலக்கினேன். அப்புறம் ஜோரா வந்துச்சு.

— போச்சு! கிருமிக்குப் பாய் விரிச்சுத் தலையணையும் குடுத்திருக்கீங்க!

— அம்மா, ஏம்மா? போட்டே ஆகணும்னு யார் உன்னை அடிச்சா?

— நீதான்.

— நானா?

— ஞாயித்துக்கிழமை போன் பண்ணும்போதெல்லாம் நீ என்ன கேப்பே? சாப்பிட்டியான்னு கேப்பே. அடுத்தது, நான் அனுப்பினதைப் போட்டியான்னு கேப்பே. போட்டேன், ரொம்ப நல்லா இருக்கு, எல்லாரும் கண்ணு வெக்கறாங்கன்னு சொல்லுவேன். உன் குரல்ல ஒரு சந்தோஷம் வரும் பாரு, அதைக் கேக்கத்தான் சொல்லுவேன்.

— ஒரு தடவை கூடப் போடலியா?

— போடல. பூட்டித்தான் வெச்சிருந்தேன். இப்ப நீயே நேர்ல வர்றே. வெறும் மூஞ்சியோட நான் வந்து நின்னா உனக்கு எப்படி இருக்கும்? அதான் போட்டேன்.

— உன் மூஞ்சியைத்தான்மா நான் முதல்ல தேடினேன். கதவு திறந்து வெளிய வந்தா அத்தனை கூட்டம். சித்தி ஒரு பக்கம் அட்டையைத் தூக்கிக் காட்டிட்டு நிக்கறா. நீ கம்பிக்கு அந்தப் பக்கம் நின்னு அழுதுட்டிருந்தே. மை கரைஞ்சு கன்னம், தாடை எல்லாம் கறுப்பு. பாத்தா பயமாத்தான் இருந்துச்சு. ஆனா என் அம்மா எனக்காக மை போட்டு வந்திருக்கான்னு எனக்கு அவ்வளவு பெருமையா இருந்துச்சு.

— அழாதே புள்ள. நீயும் கையைக் கண்ணுக்குக் கொண்டு போகாதே. ஒட்டிக்கும்.

— நான் அடுப்படியில இன்னொரு தடவை பாக்கறேன். கிகிக்கா, நீங்க அடித்தட்டைப் பாருங்க.

— பாக்கறேன் தங்கமே, நீ போ... ரெமி அக்கா, இந்த லிப்ஸ்டிக்கைப் பாருங்களேன். முனையைக் கத்தியால சீவின மாதிரி இருக்கு.

— நான்தான் சீவினேன்.

— போடவே இல்லேன்னீங்க?

— திறந்து பாத்தேன், கீழ விழுந்துச்சு, முனை நசுங்கிச்சு. சீவினேன். இதெல்லாம் ஒரு கேள்வியா? சாக்குல போடு.

— கோவிக்காதீங்க. இந்த முகப்பூச்சு உங்க நிறமே இல்லியே. இது பால் மாதிரி வெளுத்தவங்களுக்குப் போடறது.

— அவளுக்கு நான் வெளுப்பாத்தான் தெரியறேன். கிகி, குரலைத் தாழ்த்து.

— தாழ்த்திட்டேன். என்கிட்ட மட்டும் சொல்லுங்கக்கா. உங்களுக்கு மஸ்காரா இருக்கற இடம் தெரியும். உங்களை எனக்கு இருபது வருஷமாத் தெரியும். பொய் சொன்னா உங்க மூக்கு நுனி வேர்க்கும். இப்ப வேர்த்துக் கொட்டுது.

— வெக்கை.

— மின்விசிறி சுத்துது. அக்கா, கண்ணு விளையாட்டு இல்ல. போனா வராது. அந்தப் புள்ள அடுத்த வாரம் திரும்பிப் போகணும். அம்மாவோட கண்ணைப் பறிகொடுத்துட்டு வந்தோம்னு அங்க கிடந்து அழவா?

— அதையேதான் நானும் யோசிக்கறேன் கிகி. அவ அங்க கிடந்து அழக் கூடாது.

— அப்ப குடுங்க!

— உன் கிழவியோட தலை வெந்துடும். போ.

— போறேன். உங்க மேல எனக்குக் கோவம். இதைச் சொல்லிட்டுத்தான் போவேன். ஜோவி தங்கமே! சாக்கை நான் வாசல்ல கொண்டு போய்ப் போடறேன். உன் தம்பியைப் போக விடாம நிறுத்தி வெக்கறேன். நீ உங்கம்மாகிட்ட பேசு. மெதுவாப் பேசு, என்ன?

— சரிக்கா... அம்மா.

— கிடைச்சுதா?

— இல்ல. அரிசிப் பானை, உப்பு ஜாடி, பழைய பெட்டி எல்லாத்தையும் பாத்தாச்சு. நான் இனிமே தேடப் போறதில்ல. கொஞ்சம் நகரு, உன் பக்கத்துல உக்காந்துக்கறேன்.

— உக்காரு. சாப்பிட்டியா? காலையில ஒரு ரொட்டி தின்னதோட சரி. கருவாடு வறுத்துத் தரட்டுமா?

— ஒரு கண்ணை மூடிக்கிட்டு நீ கருவாடு வறுக்கப் போறியா? உக்காரு. நீ ஏன் அதை ஒளிச்சு வெச்சிருக்கேன்னு எனக்குத் தெரியும்.

— தெரியுமா?

— ஏன் பதறறே? தெரியும். புள்ள பாசமா அனுப்பினதைப் போடாம பூட்டி வெச்சுப் பாழாக்கிட்டோமே, லேப்புல குடுத்தா அது எவ்வளவு பழசுன்னு சொல்லிடுவாங்களே, அவ மனசு ஒடிஞ்சு போகுமேன்னு. அதானே?

— ஆமா. அதான். அதேதான். என் தப்புத்தான் புள்ள. வந்த அன்னிக்கே போட்டிருந்தா ஒண்ணும் ஆகியிருக்காது. நீ புதுசு புதுசா அனுப்பினே, நான் வெச்சு வெச்சுக் கெடுத்துட்டேன்.

— சொல்லாதேம்மா. அப்படிச் சொல்லாதே. கேக்கவே முடியல.

— என்ன ஆச்சு புள்ள?

— அது உன் அலமாரியில பழசாகல.

— என்ன சொல்றே?

— நான் பெட்டியில வெக்கும்போதே அது பழசு. எல்லாமே. லிப்ஸ்டிக், க்ரீம், பவுடர், அந்த மஸ்காரா, எல்லாமே நான் வேலை பாக்கற வீட்டு மேடம் போட்டுட்டுக் கழிச்சது. அவங்க நாலு நாள் போடுவாங்க, பிடிக்கலேன்னா குப்பைக்கூடை. பாத்தா புதுசு மாதிரியே மினுக்கும்மா. குப்பையைக் கொட்டப் போறப்போ எனக்கு மனசே வராது. எங்கம்மா ஒரு நாள் கூட இப்படி ஒண்ணைப் போட்டதில்லையேன்னு தோணும். எடுத்து ஸ்பிரிட்டால துடைச்சு, உதடு பட்ட இடத்தைக் கத்தியால சீவி, டப்பாவை மினுக்கி வெச்சேன். ஞாயித்துக்கிழமை லீவுல என்னை மாதிரி வீட்டு வேலைக்கு வந்தவங்க எல்லாரும் பாலத்தடியில உக்காந்து ஊருக்குப் பெட்டி கட்டுவோம். பக்கத்துல இருக்கறவளுக்குத் தெரியாம சட்டைக்குள்ள சுருட்டி உள்ள தள்ளுவேன்.

— ஜோவி...

— நடுவுல பேசாதே, அப்புறம் என்னால சொல்ல முடியாது. அதுல போட்டிருக்கற சீன எழுத்து எனக்குப் படிக்கத் தெரியாது. ஒருவேளை கெட்டுப் போன தேதி கூட அதுல இருந்திருக்கும். மேடத்துக்கு ஒரு தடவை கண்ணு சிவந்து, ரெண்டு நாள் மூடிட்டு இருந்தாங்க. அதுக்கப்புறம்தான் இந்த மஸ்காராவைத் தூக்கிப் போட்டாங்க. எனக்கு அது அப்ப உறைக்கல. இன்னிக்கு டாக்டர் ரூம்ல உக்காந்திருக்கும்போதுதான் உறைச்சுது. இது புதுசா, வேற யாராவது போட்டதான்னு அவர் கேட்டார். நான் என்ன சொன்னேன்? புதுசு டாக்டர், நானே கடையில வாங்கினதுன்னு உன் முன்னாடியே பொய் சொன்னேன். உன் கண்ணைவிட என் மானம் எனக்குப் பெருசாப் போச்சு.

— போதும் புள்ள.

— போதாது. சோப்பு, துண்டு, சாக்லேட்டு எல்லாம் நான் வாங்கினதும்மா, அது நிஜம். இது மட்டும் வாங்க முடியல. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அடுத்த வருஷம் நிஜமாவே புதுசு வாங்கிடணும்னு நினைப்பேன். என்னை அடி, திட்டு, என்ன வேணா பண்ணு. அந்த மஸ்காராவை மட்டும் எங்க வெச்சேன்னு சொல்லிடு. டாக்டர்கிட்ட நானே எல்லாத்தையும் சொல்லிக்கறேன். உன் கண்ணு எனக்கு வேணும்மா.

— இந்தா.

— என்னது?

— நைட்டிப் பையில இருந்துச்சு.

— பையிலயா? காலையிலேர்ந்து பையிலயேவா வெச்சிருந்தே? நான் வீட்டையே தலைகீழாக் கவுத்திட்டேன். அரிசிப் பானைக்குள்ள கையை விட்டுத் துழாவினேன். பாத்துக்கிட்டே உக்காந்திருந்தியேம்மா! பார்வை போயிடும்னு டாக்டர் சொன்னது உன் காதுல விழலியா?

— விழுந்துச்சு.

— விழுந்துமா ஒளிச்சு வெச்சே? ஏம்மா?

— நீ பழசுதான் அனுப்பறேன்னு முதல் பெட்டியைப் பிரிச்ச அன்னிக்கே எனக்குத் தெரியும் புள்ள. லேப்புல இது யாரோ போட்டுக் கழிச்சதுன்னு சொல்லிட்டா நீ என் முன்னால கூனிப் போவே. எனக்குத் தெரியும்கறது உனக்குத் தெரியாம இருக்கட்டும், அதுக்கு ஒரு கண்ணு போனாப் போகட்டும்னுதான் ஒளிச்சு வெச்சேன்.